கேளுங்க, சொல்றேன்: இந்த வாட்டி முழுக்க போர்டிங் கதை

போன இதழ்ல ஒரு அம்மா, பொண்ணை ஹாஸ்டல்ல சேக்கலாமா வேணாமான்னு கேட்டிருந்தாங்க. அதுக்கு பதில் சொல்றப்போ நானும் கன்னியர் மடத்து போர்டிங்ல வளந்தவதான்னு போற போக்குல ஒரு வரி எழுதினேன், அவ்ளோதான். சமையல் சந்தேகம், மாமியார் பிரச்சனை எல்லாம் பின்னாடி போயி, வந்த லெட்டர் மெயில் எல்லாமே போர்டிங்தான். திட்டி கொஞ்சம், உருகி கொஞ்சம், ஒரே லெட்டர்ல ரெண்டும் நிறைய. அதனால இந்த தடவை வேற கேள்வி எதுவும் எடுக்கல, மத்தவங்க கோச்சுக்காதீங்க.

வீட்டுக்கு எழுதற இன்லேண்ட் லெட்டரை ஒட்டாம வார்டன் சிஸ்டர் கைல குடுக்கணும், அவங்க படிச்சிட்டுதான் ஒட்டுவாங்க. "சாப்பாடு நல்லாவே இல்லப்பா"ன்னு நான் எழுதினதை அடிச்சிட்டு, "நான் இங்கு நலம்"னு புதுசா எழுத வெச்சாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஆறல. எந்த ரூல்ல இருக்கு அது? — வாசகி, திண்டுக்கல்

உங்களுக்குன்னு எழுதின ரூல் கிடையாதுங்க அது, அவங்களுக்குன்னு எழுதினது. அந்தக் காலத்து கன்னியர் மடங்கள்ல சிஸ்டர்களுக்கு வர்ற லெட்டரையும் அவங்க எழுதற லெட்டரையும் மடத்துத் தலைவியான மதர் சுப்பீரியர் பிரிச்சு பாக்கறது சாதாரணம். 1917-ல வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்புல, போப்பாண்டவர், ஆயர், சபையோட மேலதிகாரிகள் மாதிரி சிலருக்கு எழுதற லெட்டரை மட்டும் யாரும் பாக்கக்கூடாதுன்னு தனியா சொல்லி வெச்சிருந்தாங்க. அப்ப மத்ததெல்லாம் பாக்கலாம்னுதானே அர்த்தம்? உங்க லெட்டரைப் படிச்ச அந்த சிஸ்டரோட அம்மா எழுதின லெட்டரை இன்னொருத்தர் படிச்சிட்டுதான் அவங்க கைல குடுத்திருப்பாங்க.

இதைச் சொல்றது அவங்களுக்கு வக்காலத்து வாங்க இல்ல. எனக்கு ரொம்ப நாளா இருக்கற எண்ணம் இது, போர்டிங்ல நமக்கு தண்டனை மாதிரி தெரிஞ்சதுல பாதிக்கு மேல அவங்க வாழ்ந்த மடத்து வாழ்க்கைதான். அதையே சின்ன சைஸ்ல வெட்டி நமக்கும் மாட்டி விட்டாங்க. அவங்க இருபது வயசுல யோசிச்சு, துறவியா இருப்பேன்னு வார்த்தைப்பாடு குடுத்து அந்த வாழ்க்கைக்குள்ள போனவங்க. நம்மள பத்து வயசுல அப்பா பஸ்ல கூட்டிட்டு வந்து டிரங்க் பொட்டியோட இறக்கி விட்டுட்டு போனாரு. கோவம் வர வேண்டிய இடம் இந்த வித்தியாசத்துலதான்னு எனக்குப் படுது.

நைட்டு ஜெபம் முடிஞ்சா காலைல பூசை வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குளிக்கிறப்போ பாவாடைய மார்புக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டுதான் குளிக்கணும், பாத்ரூம் கதவு சாத்தியிருந்தாலும். ரெண்டு பேர் எப்பவும் ஒண்ணா சுத்தினா பிரிச்சு வேற வேற டேபிள்ல போடுவாங்க. இதெல்லாம் யார் மண்டைல உதிச்சது? — வாசகி, கோயம்புத்தூர்

மேல சொன்ன அதே கதைதான், ஆனா இது சுவாரசியமானது அதனால கொஞ்சம் நீட்டிக்கறேன்.

ராத்திரி மௌனம் ஐரோப்பா மடங்கள்ல நூத்துக்கணக்கான வருஷமா இருக்கற வழக்கம், கடைசி ஜெபத்துக்கு அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. சாப்பிடறப்போ யாராச்சும் ஒருத்தி நின்னு புனிதர் சரித்திரம் வாசிக்க மத்தவங்க சத்தமில்லாம சாப்பிடணும்னு சில போர்டிங்ல இருந்துச்சுல்ல, அதுவும் அங்கேர்ந்து வந்ததுதான். உங்க தட்டுல நம்பர் போட்டு, பாவாடைல சிவப்பு நூல்ல நம்பர் தெச்சிருந்தாங்களா? சிஸ்டர்களோட துணிக்கும் சலவைக்குப் போறப்போ நம்பர்தான். துணியோட குளிக்கறதும் மடத்து அடக்க ஒடுக்கம்தான், ஐரோப்பால கான்வென்ட்ல படிச்ச பொண்ணுங்களும் நீளமா ஒரு அங்கிய மாட்டிக்கிட்டு குளிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல ஆத்துலயும் குளத்துலயும் பொம்பளைங்க அப்படித்தான் குளிச்சாங்கறதால இந்த ஒண்ணு மட்டும் நமக்கு ரொம்ப அந்நியமா தெரியல, கதவு சாத்தின பாத்ரூம்ல எதுக்குங்கற கேள்வி மட்டும் அப்படியே இருக்கு.

ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டு திரிஞ்சா பிரிக்கறது இருக்கே, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. நவகன்னியர் பயிற்சில, அதாவது சிஸ்டராகறதுக்கு முன்னாடி பழகற பயிற்சில இருக்கறவங்களுக்கு இதைத் தனிப் பாடமாவே சொல்லிக் குடுத்தாங்க, ஒருத்தர் மேல மட்டும் தனிப் பிரியம் வெக்கக்கூடாது, எல்லார் மேலயும் ஒரே மாதிரி இருக்கணும், நடந்தாக்கூட ரெண்டு பேரா நடக்காம மூணு பேரா நடன்னு. சபை ஒத்துமைக்காகன்னு ஒரு காரணம், வேற பயமும் அதுல இருந்துச்சு, அதை யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டாங்க. வீட்டை விட்டு வந்து ராத்திரி தலகாணில மூஞ்சப் புதைச்சு அழற ஆறாங்கிளாஸ் புள்ளைக்கு அந்த ஒரு ஃப்ரெண்டுதான் வீடே. அவளைக் கொண்டு போயி வேற டேபிள்ல உக்கார வெச்சா அது என்ன தியானமா? என்னை வேற டார்மெட்டரிக்கே மாத்தினாங்க. நாங்க ரெண்டு பேரும் துணி காயப்போடற கொடிக்கு அடில சந்திச்சுக்கிட்டோம், ஈரப் போர்வைக்குப் பின்னாடி நின்னா வராண்டாலேர்ந்து பாக்கறவங்களுக்கு கால் மட்டும்தான் தெரியும், யார் காலுன்னு எந்த சிஸ்டருக்கும் தெரியாது. அவ இப்ப எனக்கு சம்பந்தி.

காலைல கோதுமை உப்புமான்னு ஒண்ணு போடுவாங்க, பழுப்பு கலர்ல நெற நெறன்னு இருக்கும். அதே டேஸ்ட்ல இப்ப எங்க தேடினாலும் கிடைக்க மாட்டேங்குது. கடைல விக்கற ரவை அது இல்ல. அது என்ன கோதுமை? — வாசகி, தூத்துக்குடி

ஆகா, ஏங்கறதுக்குக்கூட ஆள் இருக்கா அதுக்கு! எங்க செட்ல அந்தப் பேரைச் சொன்னாலே ஓடுவாளுங்க.

அது அமெரிக்கா கோதுமைங்க. அவங்க அதை பல்கர்னு சொல்வாங்க. கோதுமைய முதல்ல வேகவெச்சு, காயவெச்சு, அப்புறம் உடைக்கறது, நம்ம புழுங்கலரிசி மாதிரி. கடை ரவை பச்சைக் கோதுமைலேர்ந்து வர்றது, அதான் உங்களுக்கு டேஸ்ட் ஒத்து வரல. 1954-ல அமெரிக்கால பி.எல். 480-ன்னு ஒரு சட்டம் போட்டாங்க, அவங்க ஊர்ல தேவைக்கு மேல விளைஞ்ச தானியத்தை மத்த நாடுகளுக்கு விக்கறதுக்கும் தானமா குடுக்கறதுக்கும். அந்த தானத்துல ஒரு பங்கு கேர், காத்தலிக் ரிலீஃப் சர்வீசஸ் மாதிரி அமைப்புங்க வழியா இந்தியாவுக்கு வந்துச்சு. 60-கள்லேர்ந்து நம்ம ஸ்கூல் மதிய உணவுக்கு கேர்காரங்க குடுத்தாங்க, மறைமாவட்டம் வழியா வந்தது அனாதை இல்லம், மடத்து போர்டிங்னு போச்சு. கோதுமை மட்டும் இல்ல, பால் பவுடர், சோளமும் சோயாவும் கலந்த மாவு, அப்புறம் டின்ல எண்ணெய்.

அந்த எண்ணெய் டின் ஞாபகம் இருக்கா? ரெண்டு கை குலுக்கற மாதிரி படம், மேல நட்சத்திரம், கீழ சிவப்பு வெள்ளைக் கோடு. காலி டின்னுக்கு எங்க போர்டிங்ல அவ்ளோ மவுசு. மேல்பக்கத்தை வெட்டி கம்பி மாட்டினா வாளி, அடில ஓட்டை போட்டா ரோஜாத் தொட்டி. சேப்பல் வாசல்ல வரிசையா இருபது முப்பது ரோஜாச்செடி அந்தக் கை குலுக்கற படத்துக்கு மேல பூத்துக்கிட்டு இருக்கும். மூட்டைத் துணிய வெளுத்து தலகாணி உறை தெச்சாங்க, எவ்ளோ துவைச்சாலும் நீல எழுத்து முழுசா போகாது.

உங்களுக்கு அது வேணும்னா இப்ப சூப்பர் மார்க்கெட்லயே பல்கர்னு பாக்கெட் போட்டு விக்கறாங்க, விலையப் பாத்துட்டு மயங்கி விழாதீங்க. ஒண்ணு சொல்றேன், அந்த டேஸ்ட்ல பாதி, குடோன்ல ரொம்ப நாள் கிடந்த மக்கு வாசனை. அது பாக்கெட்ல வராது.

எங்க போர்டிங்ல பீஸ் கட்டற பிள்ளைங்க, கட்டாத பிள்ளைங்கன்னு ரெண்டு வகை. கட்டாத நாங்க நாலரைக்கு எந்திரிச்சு அரிசி பொடைக்கணும், கக்கூஸ் கழுவணும், பீஸ் கட்டறவங்க அந்த நேரம் படிப்பாங்க. ரீயூனியன்ல அவங்க "கோல்டன் டேஸ்"ங்கறாங்க. எனக்கு அங்க போயி உக்காரவே பிடிக்கல. இப்படி நினைக்கறது தப்பா? — வாசகி, பேர் ஊர் வேண்டாம்

தப்பே இல்ல. ஒரே கேம்பஸ்ல ஒரே மணிக்கு எந்திரிச்சாலும் நீங்களும் அவங்களும் வேற வேற ஸ்கூல்ல படிச்சிருக்கீங்க.

இதுக்கும் மடத்துக்குள்ளயே ஒரு மூலம் இருக்கு. பழைய ஐரோப்பிய சபைகள் பலதுல சிஸ்டர்களே ரெண்டு வகை. படிச்சவங்க, சீதனத்தோட வந்தவங்க பாடகர் குழுவுல நின்னு ஜெபிப்பாங்க, பாடம் நடத்துவாங்க, மதர் ஆவாங்க. ஏழைக் குடும்பத்துலேர்ந்து வந்தவங்க சமையல், துணி துவைக்கறது, தோட்டம், மாடு. உடுப்புகூட வேற, சபைக்குள்ள ஓட்டுப் போடற உரிமையும் இல்ல. உலகத்து கத்தோலிக்க ஆயர்கள் எல்லாம் கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல துறவிகளைப் பத்தி ஒரு ஆவணம் வெளியிட்டுச்சு, பெண்கள் சபைகள்ல இந்த வகை பிரிக்கறத விட்டுட்டு எல்லாரையும் ஒண்ணாக்குங்கன்னு அதுல இருக்கு. சிஸ்டர்களுக்குள்ள அது போச்சு. ஆனா சமையக்கட்டு வேலைய யார் செய்யறதுங்கற கேள்வி போகல, அது பீஸ் கட்டாத பிள்ளைங்க தலைல வந்து உக்காந்துச்சு. நம்ம ஊர்ல அதுக்குள்ள சாதியும் சேந்துக்கிச்சுன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல.

எல்லாரும் முறை வெச்சு டூட்டி பாத்த போர்டிங்கும் இருந்துச்சு, எங்களுது அப்படி. மாவட்ட கலெக்டர் பொண்ணுன்னாலும் புதன்கிழமை விளக்கமாறு அவ கைலதான். அதை நான் குறையாவே சொல்ல மாட்டேன். உங்க கதை அது இல்ல. ரீயூனியனுக்குப் போகப் பிடிக்கலையா, போகாதீங்க. போனா, "நாங்க அரிசி பொடைச்சோம், நீங்க படிச்சீங்க"ன்னு மைக்ல சொல்லுங்க. பிரியாணி கொஞ்சம் ஆறும், பரவால்ல.

நான் ஐயர் வீட்டுப் பொண்ணு. ஆறு வருஷம் தினம் செபமாலை சொன்னேன். இப்பவும் பிளேன் குலுங்கினா "அருள் நிறைந்த மரியே"தான் முதல்ல வருது, அப்புறம்தான் கந்த சஷ்டி கவசம். என் பையன் உன்னை மூளைச்சலவை பண்ணிட்டாங்கம்மாங்கறான். அப்படியா? — வாசகி, கும்பகோணம்

பையன்கிட்ட, ரெண்டும் சேந்துதான் இது வரைக்கும் எல்லா பிளேனையும் பத்திரமா இறக்கியிருக்குன்னு சொல்லுங்க.

சட்டம் என்னன்னா, அரசியல் சாசனத்துல 28-ஆவது பிரிவு, மூணாவது உட்பிரிவு. அரசு அங்கீகாரமோ பண உதவியோ வாங்கற எந்த ஸ்கூல்லயும், மதப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச்சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாது, மைனர்னா அப்பா அம்மா சம்மதிக்கணும். பாதி ஸ்கூல்ல அதனாலதான் கத்தோலிக்கப் பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம், மத்தவங்களுக்கு மாரல் சயின்ஸ்னு ஒரே பீரியட்ல பிரிச்சு உக்கார வெச்சாங்க. ஆனா போர்டிங்ல சாயங்காலம் எல்லாரும் சேப்பலுக்குப் போறப்போ நீ மட்டும் தனியா டார்மெட்டரில இருன்னு சொன்னா எந்தப் புள்ள இருக்கும்? இருட்டு பயம் வேற. கட்டாயம்னு யாரும் சொல்லல, சொல்லவும் தேவைப்படல. உங்க அப்பா அட்மிஷன் ஃபார்ம்ல என்னத்துல கையெழுத்து போட்டாருன்னு அவரும் பாத்திருக்க மாட்டாரு, சீட் கிடைச்சா போதும்னு இருந்திருப்பாரு.

உங்க விஷயத்துல எனக்குத் தெரிஞ்சு யாரும் எதையும் சலவை பண்ணல. பத்து வயசுல தினம் சொன்னது வாய்ல ஒட்டிக்கிச்சு, அவ்ளோதான். வற்புறுத்தி ஞானஸ்நானம் குடுத்தாங்கன்னோ, நெத்தில பொட்டை அழிக்கச் சொன்னாங்கன்னோ வேற ரெண்டு மூணு லெட்டர் வந்திருக்கு, அது வேற விஷயம், அதை உங்க செபமாலையோட சேத்து ஒரே பையில போட மாட்டேன்.

பேட்ச் வாட்ஸ்ஆப் க்ரூப்ல ஒருத்தி, படுக்கைய நனைச்சதுக்காக ஈரப் பாயைத் தலைல வெச்சு அசெம்ப்ளில நிக்க வெச்சாங்கன்னு எழுதினா. உடனே "நம்ம ஸ்கூல் பேரைக் கெடுக்காத", "அவங்கதான் உன்னை ஆளாக்கினாங்க"ன்னு நாப்பது மெசேஜ். அவ க்ரூப்ப விட்டே போயிட்டா. நான்தான் அட்மின். என்ன பண்ணட்டும்? — வாசகி, திருநெல்வேலி

முதல்ல அவளுக்கு போன் பண்ணுங்க, மெசேஜ் இல்ல, போன். அப்புறம் க்ரூப்ல, அவ சொன்னது நடந்துச்சு, நான் பாத்தேன்னு எழுதுங்க, பாத்திருந்தா. நாப்பது பேர்ல பத்து பேராவது பாத்திருப்பாங்க.

அயர்லாந்துல இதே சண்டை நாடு முழுக்க நடந்துச்சு. நம்ம ஊர் பழைய கான்வென்ட்டுங்க சிலதுக்கு சிஸ்டர்கள் வந்ததும் அந்த ஊர்லேர்ந்துதான். அங்க சபைகள் நடத்தின, தொழில் பள்ளின்னு பேர் வெச்ச விடுதிகள்ல வளந்தவங்க பல வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தும் யாரும் காதுல போட்டுக்கல. 1999-ல பிரதமர் பகிரங்கமா மன்னிப்பு கேட்டாரு, கமிஷன் போட்டாங்க, 2009 மே மாசம் ரயன் அறிக்கைன்னு அஞ்சு தொகுதியா வந்துச்சு. அடி, பயம், அவமானப்படுத்தறது எல்லாம் எங்கயோ ஒண்ணு ரெண்டு இடத்துல நடந்தது இல்ல, அந்த அமைப்போட இயல்பே அதுதான்னு அதுல முடிவு சொன்னாங்க. படுக்கைய நனைச்ச பிள்ளைங்களை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தினது திரும்பத் திரும்ப வருது, ஈரத் துணியோட நிக்க வெச்சது உட்பட. உங்க ஃப்ரெண்ட் சொன்னது ஒண்ணும் கற்பனைல வர்ற விஷயம் இல்ல.

அயர்லாந்தையும் நம்ம போர்டிங்கையும் நான் சமமா வெக்கல, அங்க பல பிள்ளைங்களை கோர்ட்டே அனுப்பிச்சுது, வருஷக்கணக்கா வீட்டு முகமே பாக்கல. நமக்கு விசிட்டிங் சண்டே இருந்துச்சு, பரீட்சை லீவு இருந்துச்சு. ஆனா அந்த அறிக்கைல ஒண்ணு கவனிங்க. சாட்சி சொன்னவங்களோட நல்ல ஞாபகங்களுக்கும் தனியா இடம் ஒதுக்கியிருக்காங்க, அன்பா நடந்துக்கிட்ட சிஸ்டர், கிடைச்ச ஃப்ரெண்டுங்க எல்லாம். அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம், ஒண்ணு இருக்குங்கறதுக்காக இன்னொண்ண யாரும் கிழிக்கல. உங்க க்ரூப்ல நாப்பது பேர் கிழிச்சிருக்காங்க.

"அவங்க அடிச்சதாலதான் நான் டாக்டரானேன்"னு ஒருத்தி கண்டிப்பா எழுதியிருப்பா, எல்லா க்ரூப்லயும் ஒருத்தி இருக்கா. அடி வாங்கி டாக்டர் ஆகாத பேட்ச்மேட் எத்தனை பேருன்னு அவகிட்ட கேளுங்க. இப்ப 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17-ஆவது பிரிவு, ஸ்கூல்ல அடிக்கறதையும் மனசளவுல துன்புறுத்தறதையும் ரெண்டையுமே தடை பண்ணுது. தமிழ்நாட்டுல பிள்ளைங்க விடுதிகளைப் பதிவு பண்ணணும்னு 2014-ல தனிச் சட்டமே வந்தாச்சு. இன்னிக்கு எந்த விடுதிலயாவது இது நடக்குதுன்னு தெரிஞ்சா 1098-க்கு அடிங்க, குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன்.

என் பாட்டி பாண்டிச்சேரில மடத்துப் பள்ளிக்கூடத்துல தங்கிப் படிச்சாங்க. இந்த கான்வென்ட் எல்லாம் வெள்ளைக்காரங்க ஆரம்பிச்சு வெள்ளைக்காரங்களே நடத்தினதுதானா? — வாசகர், புதுச்சேரி

உங்க ஊர்லயே பதில் இருக்குங்க. க்ளூனி சபை சிஸ்டர்கள் பிரான்ஸ்லேர்ந்து 1827-லயே பாண்டிச்சேரிக்கு வந்துட்டாங்க. மெட்ராஸுக்கு அயர்லாந்து பிரசன்டேஷன் சிஸ்டர்கள் வந்தது 1842. ஆனா 1844-ல பாண்டிச்சேரில துய்ப்புயின்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார், தமிழ்–பிரெஞ்சு அகராதி பண்ண ரெண்டு பேர்ல ஒருத்தர், தமிழ்ப் பெண்களை வெச்சே மரியாயின் மாசற்ற இருதய சபைன்னு ஒண்ணு தொடங்கினாரு, அதோட முக்கியமான வேலையே பொண்ணுங்களுக்குப் படிப்பு சொல்லிக் குடுக்கறதுதான். நம்ம பக்கத்து சின்ன ஊர்கள்ல தமிழ் மீடியம் போர்டிங் பலது அவங்க நடத்தறதுதான். இன்னொண்ணு கேளுங்க, உலகம் முழுக்க இருக்கற எஃப்.எம்.எம். (பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி) சபையே பொறந்தது 1877-ல ஊட்டில. அங்கேர்ந்து மத்த நாட்டுக்குப் போச்சு. தொடங்கினவங்க பிரெஞ்சுக்காரம்மாதான், ஆனா சபை நம்ம நீலகிரிக் குளிர்ல ஆரம்பிச்சது.

ஏழாம் வகுப்புல எனக்கு டைபாய்டு வந்தப்போ மூணு வாரம் பக்கத்துலயே உக்காந்து கஞ்சி ஊட்டின சிஸ்டர் ஒருத்தங்க. மாத்தலாகிப் போனாங்க, எங்க இருக்காங்கன்னே தெரியல. இருக்காங்களான்னும் தெரியல. கண்டுபிடிக்க முடியுமா? — வாசகி, நாகர்கோவில்

முடியும். ஸ்கூல் ஆபீஸ்ல கேட்டா பெரும்பாலும் தெரியாதுன்னுடுவாங்க, இப்ப இருக்கறவங்க புதுசு. முதல்ல அது எந்த சபைன்னு பாத்துக்கோங்க, அந்த சபையோட மாகாணத் தலைமை இல்லத்துக்கு ஒரு லெட்டர் போடுங்க. ஸ்கூல் பேரு, எந்த வருஷம், என்ன பாடம் எடுத்தாங்க, எந்த ஊர்க்காரங்கன்னு தெரிஞ்சா அதுவும். பேரை மட்டும் நம்பாதீங்க, சபைல சேந்தப்போ வெச்ச பேர்ல உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும், வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் நிறைய பேர் ஞானஸ்நானப் பேருக்கே திரும்பிட்டாங்க. போட்டோ ஏதாவது இருந்தா நகல் எடுத்து வெச்சு அனுப்புங்க.

வயசான சிஸ்டர்களுக்குன்னு சபைகள்ல தனி இல்லம் இருக்கும், அங்க இருக்க வாய்ப்பு அதிகம். போறதுன்னா முன்னாடியே போன் பண்ணிட்டு போங்க. ஸ்வீட் வேணாம், பாதிப்பேருக்கு சுகர். நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டு போங்க, கஞ்சிக்குத் தொட்டுக்குவாங்க. மதியம் ரெண்டுலேர்ந்து மூணரை வரைக்கும் ரெஸ்ட் டைம், அப்ப கேட்ல போயி நிக்காதீங்க. நாலு மணிக்குப் போனா டீயும் கிடைக்கும்.